சீமாட்டியின் வெல்வெட் அங்கி

என் வீட்டுக்காரருக்கு,

டெப்ட்ஃபோர்டில் கப்பல் வேலை முடியாவிட்டாலும் உடனே புறப்பட்டு வாருங்கள்.

செத்துப்போன ஆர்சுலா சீமாட்டி தன் வெல்வெட் அங்கியை எனக்கு எழுதிவைத்தாரே, அதை விற்கச் சொன்னீர்கள். வேலைக்காரி வெல்வெட் உடுத்தினால் மகாராணியின் சட்டம் சும்மா விடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிறன்று ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். எனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. என்னைக் கண்டாலே குரைக்கும் சீமாட்டியின் நாய், வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

சமையற்காரி மார்ஜரி உள்ளே வந்தாள். "அடியே, கழட்டுடி! யாராவது பாத்தா தோல உரிச்சிடுவாங்க!" என்று கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மெல்ல மண்டியிட்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்கன்னு தெரியல."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அங்கியை அன்றே கழற்றிவிட்டேன். ஆனாலும் நம் கறுப்பு ரொட்டி இப்போது தொண்டையில் இறங்க மறுக்கிறது. மார்ஜரி நான் கேட்காமலே, சீமாட்டி சாப்பிட்டுவந்த வெள்ளை ரொட்டியைக் கொண்டுவந்து வைக்கிறாள்.

இதைப் பாதிரியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "உன் பெண்டாட்டிக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே, யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்பார்.

யாரும் இல்லை. என் கைதான் எழுதுகிறது.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி