எந்தப் பேரு மஞ்சளாகுது

ஐப்பசி 9, செவ்வாய்.

பெரிய பேரன் சர்க்கரை ஆலையில இன்ஜினியர் ஆயிட்டான். சின்னவன் நர்சிங் முடிச்சிட்டான். பேத்தி கயல்விழி நம்ம சாமை, தினை வியாபாரத்துக்கு வெப்சைட்டே செஞ்சிட்டா. நான் அஞ்சாவதுதான். ஆனா அதுல இருக்கிறத ஒரு எழுத்து விடாம படிச்சிட்டேன்.

மேல வரிசையா குடும்பம், சரக்குன்னு பேருங்க இருக்குது. நாம எந்தப் பக்கத்தைத் தொறக்கிறமோ அதுக்குண்டான பேரு மஞ்சளாகுது. செத்துப்போன என் வூட்டுக்காரர் பக்கத்தைத் தொறந்தேன், "குடும்பம்" மஞ்சளாச்சு. என் பக்கத்தைத் தொறந்தேன், "சரக்கு" மஞ்சளாச்சு. மூணு தபா பார்த்தேன், அப்படியேதான்.

"இன்னாடி இது, என்னை விக்கப் போறியா?"

"ஐயோ ஆயா! நீ முறத்துல சாமை பொடைச்சிக்கினு இருக்கிற போட்டோ அது. அதான் சரக்கு போல்டர்ல வச்சேன். பக்கம் எந்த போல்டர்ல இருக்குதோ அந்தப் பேருதான் மஞ்சளாகும்."

வெள்ளிமலைக்குப் போற பஸ் வழியில எந்த ஊருல நின்னாலும் போர்டுல வெள்ளிமலைன்னே இருக்குமே, அந்த மாதிரியாம். புரிஞ்சாப்ல இருக்குது, புரியவும் இல்ல. அவ மேல தப்பு இல்ல. ஆனா இத்தினி வருஷமா நான் பொடைச்சதே இந்தக் குடும்பத்துக்குத்தானே?

நாளைக்கு நீலப் புடவை கட்டிக்கறேன். கையில முறம் வேணாம். புதுசா ஒரு போட்டோ எடுத்து, அவரு இருக்கிற போல்டர்லயே போடுடி கயலு.