விழுந்த பன்றிக்கு ஒரு முடிவு

விருத்தாசலம்
4.11.2024

என் வீட்டுக்காரருக்கு,

திரௌபதி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம்தான். உங்கள் உடம்பு எப்படி என்று நம் வண்டிக்காரர் பக்கிரியிடம் கேட்டேன். "ஐயா நல்லா இருக்காருங்க, பன்னிதான் படுத்துக்கெடக்குது" என்றார்.

போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே நான் கத்துகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் இந்த ஊர் ஓட்டல்களில் மிச்சச் சோறு ஏற்றிக்கொண்டு பண்ணைக்கு வரும் நம் வண்டியிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் பக்கிரியிடமே கொடுங்கள்.

தீபாவளிக்கு வருவீர்கள் என்று இலை போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. சரி, போகட்டும். மழையில் நம் டைல்ஸ் கடைக்கும் ஆள் வரத்து இல்லை. வாஷ்பேசின் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசிக் கொட்டகைத் தாய்ப்பன்றிக்குப் பின்னங்கால் ரெண்டும் தவளை மாதிரி விரிந்து கிடக்கிறதாமே. மூணு நாளாக எழவில்லையாம். இது எழுந்திருக்கிற கேஸ் இல்லை. கறிக்கடைக்காரரை அனுப்பட்டுமா? உயிரோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அது பிடிக்காவிட்டால் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடுங்கள், ஊசி போட்டு முடித்துவிடுவார். எதுவானாலும் சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள்.

திரௌபதி


பண்ணை
5.11.2024

அன்புள்ள திரௌபதிக்கு,

சோறு காய்ச்சும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எங்கேயும் காகிதம் நனையாமல் இருக்காது.

கறிக்கடைக்காரரை அனுப்பாதே. எழ முடியாத பன்றியை எப்படி வண்டியில் ஏற்றுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஒருத்தன் காதைப் பிடிப்பான், ஒருத்தன் வாலைப் பிடிப்பான், இன்னொருத்தன் காலில் கயிறு போடுவான். அந்த விரிந்து கிடக்கிற காலில்.

டாக்டரும் வேண்டாம். அது சாப்பிடுகிறது. வாய்க்குப் பக்கத்தில் தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. சாப்பிடுகிற ஜீவனை எப்படி முடிப்பது?

எப்படி விழுந்தது என்று நீ கேட்கவே இல்லை. உன் டைல்ஸில் விழுந்தது. கம்பெனி கழித்துப் போட்ட பளபளா டைல்ஸை லாரியில் அனுப்பி, "குளிக்கிற ரூம் மாதிரி பைப்பு புடிச்சுக் கழுவிட்டுப் போயிடலாம்" என்றாயே, அதில்தான். மழைத்தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்தால் சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மற்ற பன்றிகள்கூடத் தொட்டிப் பக்கம் வரவே யோசிக்கின்றன. போடும்போதே வழுக்குமே என்றேன். நீ கேட்கவில்லை.

ஆடி மாதம் முதுகு அடிபட்ட ஆண்பன்றிக்கு என்ன நடந்தது என்று நான் மறக்கவில்லை. கடப்பாரையோடு ஆள் அனுப்பினாய், நீயும் கூடவே வந்தாய். முதல் அடி காதில் விழுந்தது. அது முன்னங்காலாலேயே இழுத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றியது. நீ வாசலில் நின்றுகொண்டு "இன்னொண்ணு போடுப்பா" என்றாய். அன்றைக்குத்தான் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இங்கே வந்தேன். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

திருமால்


விருத்தாசலம்
6.11.2024

என் வீட்டுக்காரருக்கு,

டைல்ஸ் என் தப்புதான். சும்மா கிடைக்கிற சரக்கு, கழுவ லேசு என்று வீட்டுக்குப் போடுகிற யோசனையையே கொட்டகைக்கும் போட்டேன். அதன் காலில் இருப்பது குளம்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாளை மறுநாள் டைல்ஸைக் கொத்தி எடுக்க ஆள் வருகிறது. அதுவரைக்கும் விரிக்க உமியும் சாக்கும் இந்த வண்டியிலேயே ஏற்றியிருக்கிறேன்.

இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயஸ்ரீ என்று ஒரு டாக்டர். சின்ன வயசு, வாய் பெரிசு.

"யாரு பன்னி?"

"எங்களுதுதாங்க."

"எப்ப விழுந்துச்சு?"

"அஞ்சு நாளு ஆச்சுங்க."

"அஞ்சு நாளா உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

கடையில் என்னை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசினது இல்லை. அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது நல்லாச் சாப்பிடுகிறதாம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "திங்குதுன்னா வலி இல்லன்னு யாருங்கம்மா சொன்னது? வலியிலயும் திங்கும். பல்லக் கடிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார்.

எப்படிச் செய்வார்கள் என்று விடாமல் கேட்டேன். முதலில் கழுத்தில் ஒரு ஊசி. அது தூங்குவதற்கு. நன்றாகத் தூங்கினது தெரிந்த பிறகுதான் காது நரம்பில் அடுத்தது. அப்புறம் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார்களாம், இமைக்கக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது. குழாய் வைத்துக் கேட்டு, இதயம் நின்றுவிட்டது என்று தெரிந்தால்தான் எழுந்திருப்பார்களாம். விழுந்த இடத்தைவிட்டு அதை அசைக்கவே கூடாது. கறிக்கும் போகக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடணும். பெரிய பண்ணைகளில் நெற்றியில் வைத்து அழுத்துகிற துப்பாக்கி இருக்கிறதாம். "கத்துக்காத கையில அது இருந்தா அதுவும் உங்க கடப்பாரைதான்" என்றார். ஆமாம், கடப்பாரை விஷயத்தையும் சொன்னேன்.

அன்றைக்கு நான் சொன்ன அந்த வார்த்தை உங்கள் காதில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அடித்தவன் பாதியில் பயந்து நின்றுவிட்டான். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்படியே விட்டிருந்தால் விடியும்வரை துடித்திருக்கும். யாராவது ஒருத்தர் பார்த்துச் சொல்லணும் இல்லையா?

பண்ணை உங்கள் பேரில் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் டாக்டர் வருவார். போன தடவை மாதிரி உங்களை மீறி யாரையும் அனுப்பமாட்டேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், நானே ஆட்டோவில் கூட்டி வருகிறேன்.

திரௌபதி


பண்ணை
8.11.2024

அன்புள்ள திரௌபதிக்கு,

உமி வந்தது. விரித்துவிட்டேன். கொத்துகிற ஆட்களும் வந்திருக்கிறார்கள், சத்தத்தில் பன்றிகள் மிரளுகின்றன.

ரெண்டு நாள் பொறு. இடுப்புக்கு எண்ணெய் தடவி, சாக்கை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்திப் பார்க்கிறேன். முன்னங்காலை நன்றாக ஊன்றுகிறது. இன்றைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிட்டது. மழை காரணமாக இருக்கும்.

திருமால்


பண்ணை
11.11.2024

அன்புள்ள திரௌபதிக்கு,

முடிந்துவிட்டது. நானேதான் டாக்டருக்குப் போன் பண்ணினேன்.

நேற்றுக் காலை அதைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத் தொடை முழுக்கப் புண். புழு வைத்திருந்தது. இந்த ரெண்டு நாளும் நான் சாக்கைப் பிடித்துத் தூக்கினது அந்தப் பக்கத்தைத்தான். அது கத்தினபோதெல்லாம் எழுந்திருக்க முயற்சி செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பல்லையும் கடித்துக்கொண்டேதான் இருந்தது. நீ எழுதியிருந்தாயே என்று காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். கல் அரைக்கிற மாதிரி சத்தம்.

டாக்டர் வந்து பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "தலயப் புடிச்சுக்குங்க, பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னார். முதல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பல் கடிக்கிற சத்தம் நின்றது. வாயைத் தொங்கவிட்டு, குட்டி மாதிரி மூச்சு விட்டுத் தூங்கியது. அப்புறம் காதில். கண்ணைத் தொட்டுப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், மறுபடியும் கேட்டார். "போயிடுச்சுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. இவ்வளவு சுளுவான ஒன்றை நான் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன்.

உன் கடப்பாரையில் அந்த ஆண்பன்றி ஒரு சாயங்காலம் துடித்தது. என் இரக்கத்தில் இது ஒரு வாரத்துக்கு மேல் துடித்தது. இதை எழுதாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

குழியை நானே வெட்டினேன். சுண்ணாம்பு போட்டுவிட்டேன். எனக்கு இனி இந்த இடம் வேண்டாம். இவற்றின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆளை வைத்துக்கொள்ளலாம். நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

திருமால்


விருத்தாசலம்
12.11.2024

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். வந்த ரெண்டு பேரை அப்புறம் வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் இங்கே வந்தால் பண்ணையில் எது விழுந்தாலும் மறுபடி நான்தான் பார்க்கணும், நான்தான் சொல்லணும். சொன்னதும் நான் கல்நெஞ்சுக்காரி ஆவேன், நீங்கள் நல்லவர் ஆவீர்கள். அந்தக் குடித்தனம் எனக்குப் போதும். கல்யாணம் ஆனதில் இருந்து வீட்டில் கசப்பான வார்த்தை எல்லாவற்றையும் என்னையே சொல்ல வைத்திருக்கிறீர்கள். இந்தத் தடவை ஒன்றை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை விட்டுவிட்டு ஓடி வராதீர்கள்.

எனக்கு அழுகை வந்தது. பன்றிக்கா உங்களுக்கா என்று தெரியவில்லை.

டைல்ஸ் கொத்தின ஆட்கள் கூலி வாங்க வந்தபோது சொன்னார்கள், நடுக் கொட்டகையில் ஒரு இளம்பன்றி நேற்றில் இருந்து பின்காலை இழுக்கிறதாம். நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையோ, பார்த்தும் எழுதவில்லையோ, நான் கேட்கப்போவதில்லை. இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். எழுந்து நின்றால் எனக்கு எழுதுங்கள். நிற்கவில்லை என்றால் எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

திரௌபதி