திரைக்கு வராத நேரம்

மச்சான்,

இன்று காலை சின்னத் திரைகளில் எழுத்துக் காட்ட நான் எடுக்கும் அந்த நிரல் நூலகத்தின் புதுப் பதிப்பை இறக்கி, விளக்கப் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஒரு சாமானின் பெயரை இன்னும் மாற்றவில்லை. அதே ‘ஸ்ப்ரைட்’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திட்டுவதைப் பார்த்துச் சிரிக்க நீயும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் காது மந்தமாகி, பக்கத்தில் கத்தினால்தான் கேட்கும் என்றான பிறகு, நோன்பு திறக்கும் பாங்கு உனக்குத் தெரிய வேண்டுமே என்று தீப்பெட்டி அளவுத் திரை வைத்துப் பெட்டி ஒன்று செய்து தந்தேன். அதுவரை ‘பொறு’ என்றிருக்கும், நேரம் வந்ததும் ‘நோன்பு திற’ என்று மாறும். எழுத்து மினுங்குகிறது என்று நீ குறை சொன்னாய். அதைத் தீர்க்க, நோன்பு மாதத்தின் கடைசி நாளில் அந்த இரண்டாவது வாசகத்தை ஸ்ப்ரைட்டில் எழுதினேன். கல்முனையில் வீடியோ கேம் பெட்டிகள் திருத்திய காலத்தில் ஸ்ப்ரைட் என்றால் திரையில் ஓடும் சின்ன உருவம். இந்த நூலகத்திலோ அது நினைவகத்துக்குள் கிடக்கும் மறைவான தாள். எழுதிய பின் அதைத் திரைக்குத் தள்ளத் தனிக் கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையை நான் போடவில்லை. இன்னொரு நூலகத்தில் இதே சாமானுக்குக் ‘கன்வஸ்’ என்று பெயர். மற்றொன்றில் ‘பஃபர்’. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தால் மனிதன் எதைப் படிப்பது?

அன்று மழை இருட்டு. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், நீ ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்திருக்கிறாய்.

“பாங்கு சொல்லி எவ்வளவு நேரம்! இன்னும் திறக்கல்லயாடா?” என்று காதருகே கத்தினேன்.

“ஒண்ட பெட்டி பொறு எண்டுதானே சொல்லுது. நீ செஞ்சது பிழைக்குமா?” என்றாய். பழத்தை வாயில் போட்டதும், “ஊரே கஞ்சி குடிச்சி முடிஞ்சி. எனக்கு மட்டும் ஓவர்டைம்!” என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நூலகக்காரர்களுக்கு எழுதினேன். விளக்கத்தில் இருக்கிறது, படியுங்கள் என்று ஒரு வரி பதில். ஓம், இருக்கிறது, நாலு பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில்.

“படிக்காமச் செஞ்சது நீதானே?” என்று நீயும் அவர்கள் பக்கமே கதைத்தாய். அடுத்த நோன்புக்குள் மவுத்தாகி மண்ணுக்கும் போய்விட்டாய். இன்றும் சொல்கிறேன், பெயர் பிழைதான். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மாற்றி எழுதிய பெட்டியைத் தந்துவிட்டு, ஒரு மஃரிப் உன்னோடு இருந்து பார்க்காமல் பள்ளிவாசலுக்கு ஓடினேனே, அதற்கு எந்த நூலகமும் பொறுப்பில்லை. இப்போது காது கேளாத யாருக்குப் பெட்டி கொடுத்தாலும், அவர் நோன்பு திறக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.