ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்

2017 ஆகஸ்ட் 9
வாலிபால் கேம்புக்கு வந்த டாக்டர் என் நீள விரல்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு இன்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதில் வந்தது. மூட்டையும் ரத்தக்குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் நாருக்கான ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். நோயா, சும்மா குடும்ப வாகா, சொல்லத் தெரியவில்லையாம். நோய் என்றால் இதயத்தின் பெரிய குழாய் வீங்கலாம். ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. “தெரியுற வரைக்கும் ஆடாதம்மா” என்றார் டாக்டர் விசாலாட்சி.

தெரியாது என்று சொல்ல இவ்வளவு பெரிய படிப்பா?

ஆகஸ்ட் 10
ஆடவில்லை. கேப்பைக் களியைக் கோபத்தோடு தின்றேன். இரண்டு உருண்டை.

ஆகஸ்ட் 20
சொந்தக்காரர்களின் ரத்தமும் வேண்டுமாம். அப்பா ஓமந்தூரிலிருந்து ஆள் திரட்டினார். சுகுமார் சித்தப்பா, அத்தை, அவர் மகன் — எல்லாரும் என்னைப் போல் பனைமரம். வேனில் கால் மடக்க இடமில்லை.

டாக்டர் எங்கள் வம்சத்தை வரைந்தார். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன் என்றதும் பேனா நின்றது. “அப்போ ரெண்டு பக்கமும் ஒரே குடும்பமா!” பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். “ஒட்டடைக்குச்சியா பொறுக்கி வந்திருக்கீங்களே! வயசாகியும் கல்லு மாதிரி இருக்கிறவங்கதான் முக்கியம். அவங்களுக்கும் இந்த மாற்றம் இருந்தா, இது நோய் இல்லைன்னு சொல்ல வழி கிடைக்கும்.”

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “சிங்காரம் அண்ணன்!”

ஆகஸ்ட் 27
சிங்காரம் பெரியப்பாவுக்கு எழுபது ஆகப்போகிறது. என் தோளுக்குத்தான் வருவார். மல்லாட்டை மூட்டையை, அதான் வேர்க்கடலை மூட்டையை, தனியாகத் தூக்குவார். ஊசியைக் கண்டதும், “இன்னாடி பேஜாரு இது! நல்லா இருக்கிறவனைப் புடிச்சிக்கினு வந்து குத்துறீங்களே” என்று என் கையை நசுக்கிவிட்டார். ஸ்கேன் சுத்தம். அதை பஸ்ஸில் கண்டக்டர்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 24
வாலிபால் கோச் பொன்னி மிஸ் போன் பண்ணினார். மாநில அணித் தேர்வு அடுத்த மாதமாம். ஐயோ, லேப்ல இன்னும் இன்னா பார்த்துக்கினு இருக்காங்க? நோய்னு வந்துட்டா? பயமா இருக்கு.

அக்டோபர் 6
வந்துவிட்டது!! அவ்வளவு உயரமாக இருந்தும் சித்தப்பாவுக்கு அந்த மாற்றம் இல்லவே இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது. பெரியப்பாவுக்கு இருக்கிறது! மற்ற ஆதாரங்களோடு சேர்த்துப் பார்த்தால் அநேகமாகத் தீங்கற்றது என்றார் டாக்டர். “வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும் எடுத்துக்கோ. போய் ஆடும்மா.”

அம்மா அழுதாள். நானும்தான். பெரியப்பா போனில் கத்தினார்: “எங்கிட்ட இவ்ளோ நாளா சும்மா கெடந்துதே, உன்ன இன்னாடி பண்ணப்போவுது!”

அக்டோபர் 22
விழுப்புரத்தில் தேர்வு. முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் பெரியப்பா பெஞ்சின்மேல் ஏறி நின்று விசில் அடித்தார். எழுத்து இன்று கோணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கை சர்வ் போட்டுப் போட்டுச் சிவந்து எரிகிறது.