பிரசவ அறையின் ஐந்து வருஷ பல்பு

இன்று பெங்களூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது தோளில் என் குழந்தை, மடியில் துண்டில் சுற்றிய ஒரு பல்பு. பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் இரண்டில் எதை முதலில் பிடிப்பது என்று பதறிக்கொண்டே வந்தேன். எல்லை தாண்டியதும் துண்டை விலக்கி, கண்ணாடியில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். 200 வோல்ட், 100 வாட்; நம் ஊர்க் கடைகளில் கிடைக்காதது. உடனே உன் குரல். "முதல்ல வோல்டைப் படிடி. வாட்டை அப்புறம் பார்த்துக்கலாம்."

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அழுகை அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அடங்கிய பின் பார்த்தால் அடியில் இருந்தது முழுக்கக் கோபம்.

பெங்களூர் காலேஜில் ஒரே பெஞ்சில் பௌதிகம் படித்தோம். கல்யாணமாகி இருவரும் ஓசூருக்கே வந்து சேர்ந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தோம். என் பிரசவத்தின்போது சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த நீ, என்னைப் பார்க்குமுன் கூரையைப் பார்த்தாய். அங்கே தொங்கிய ஒற்றை பல்பு செங்கல் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு.

"ஆயுத பூசைக்கு வச்சதுங்கம்மா" என்றாள் ஆயா. "அஞ்சு வருசமா எரியுது, ஒரு நாளும் போனதில்லை. ராசியான பல்புங்க."

நீ சிரித்தாய். பிறகு உன் முகம் மாறியது. 250 வோல்ட்டுக்குச் செய்த பல்பு அது. நம் ஊர்க் கடைசிக் கம்பத்தில் சாயங்காலம் இருநூறுகூட வருவதில்லை. "மின்னழுத்தம் கால் பங்கு குறைஞ்சா வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிடும், ஆயுள் மட்டும் பல மடங்கு ஏறும். இழை வெள்ளையா காயணும். இது அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வேலை செய்யாததாலதான் சாகல" என்றாய்.

அதோடு விடாமல் ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போனாய். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"ஃபியூஸ் போன பல்பைக் கொண்டாங்க, புதுசு தர்றேன். எரியற பல்பை நான் எப்படிம்மா திருப்பி வாங்கறது?"

"எரியறது வேற, வெளிச்சம் தர்றது வேற சார்."

"காலேஜுல பல்புக்கு ஜாதகம் பார்க்கச் சொல்லித் தர்றாங்களோ?"

யாரோ சிரித்தார்கள். நீ என் கட்டிலுக்குத் திரும்பி வந்து, மேலதிகாரிக்கு எழுதுகிறேன் என்று காகிதம் கேட்டாய். நான்தான் உன் கையைப் பிடித்து, "வேண்டாம், விட்டுடு. நாளைக்கு என்னைத் தொட்டுப் பார்க்கப் போறவங்க இவங்கதான்" என்றேன். எனக்காக விட்டாய்.

அடுத்த வருஷம் அதே கட்டிலில் நீ. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். அரக்குக் கலர் போர்வைக்குள் கிடந்தாய். "காலெல்லாம் ஜில்லுனு இருக்குடி" என்றாய். பெற்ற உடம்பு, குளிரத்தானே செய்யும் என்று போர்வையை இழுத்து, இடுப்பு வரை நன்றாகச் சொருகிவிட்டேன். அந்த வெளிச்சத்தில் போர்வையும் ஒன்றுதான், அதில் ஊறிய ரத்தமும் ஒன்றுதான். நர்ஸ் உன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, லாந்தர் கேட்டு, அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விதி என்றார்கள். உன் மாமியார், டாக்டர், ஸ்டோர்காரர், எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அந்த விதிக்கு எத்தனை வோல்ட் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எட்டு மாதமாக அந்தக் கேள்வி என்னைத் தின்றது. சாவு நடந்த பிறகும் அந்த பல்பு அங்கேயே எரிந்தது. ஏனென்றால் அது இன்னும் ஃபியூஸ் ஆகவில்லை.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போனேன். குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன்.

"ஸ்டோர்காரர் சத்தம் போடுவாருங்க" என்றாள் நர்ஸ்.

"நான்தான் கழட்டினேன்னு சொல்லுங்க. எழுதியே தர்றேன்."

"புதுசும் அஞ்சு வருசம் வருமாங்கம்மா?" என்று ஆயா கேட்டாள்.

"ஆறு மாசத்துல போயிடும். போகட்டும். போனா ஸ்டோர்ல புதுசு தருவாங்கல்ல."

ஸ்விட்சைப் போட்டதும் நர்ஸ் கண்ணைச் சுருக்கினாள். பிறகு மூவருமே கட்டிலைப் பார்த்தோம். மெத்தையின் நடுவிலிருந்து விளிம்பு வரை பழுப்பாய் ஒரு கறை. அதைச் சுற்றி அதைவிடப் பழையவை. உன்னுடையது எது என்று யாரால் சொல்ல முடியும்?

"தினமும் நான்தானே இதுல துணி விரிக்கிறேன்" என்றாள் ஆயா, மெதுவாக.

நர்ஸ் கழற்றிய பல்பைக் கையில் எடுத்தாள். "இதைப் பார்த்தா வர்றவங்க பயந்துக்குவாங்க, பழசையே மாட்டிடலாமா?" என்றாள். முடியாது என்றேன். வெளியே வராந்தாவில் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவளை எட்டிப் பார்த்துவிட்டு, மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன்.

உன்னைப் போர்த்திய கை இது. அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? பிரசவமான யாரைப் பார்க்கப் போனாலும் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பதில்லை. விளக்கைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, போர்வையை விலக்கிப் பார்க்கிறேன்.