நெருங்கி வந்த கோடுகள்

இன்று காலை புது மின்னணுச் சில்லு ஒன்றை ஒட்டுவதற்காக வார்னிஷ் புட்டியைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும், நீ தும்மப் போகிறாய் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் என்னைத் தவிர யாருமில்லை.

நான் பழனிசெட்டிபட்டி, நீ கோம்பை, ஒரே மாவட்டம். ஆனால் நாம் சந்தித்தது பெங்களூரில், ஆராய்ச்சி மாணவிகளாக. கடுங்குளிரில் வைத்த சில்லின் மேல், அதைத் தொடாமல் ஒரு நுண்ணூசியை நகர்த்துவோம். சில்லுக்குள் ஓடும் எலக்ட்ரான்களின் வழியை ஊசி மறிக்கும் இடத்தில் மின்னோட்டம் குறையும். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் அவை ஓடும் தடம் படமாகிவிடும். நம் படத்தில் தடத்தின் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. எலக்ட்ரான் அலையாகப் போய், ஊசி மறிக்கும் இடத்தில் மோதித் திரும்பும் அடையாளம் என்றாய் நீ. வெறும் ஊசி நடுக்கம் என்றார் நெறியாளர். அதைத் தீர்ப்பதற்குள் ரத்தப் புற்று உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டது.

உன்னைப் பார்க்கக் கோம்பைக்கு வந்த அன்று ஆடிக் காற்று கூரை ஓடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நேத்துல இருந்து ஒரு வாய் திங்கல. நீயாச்சும் சொல்லு ஆத்தா" என்றார் உன் அம்மா. நீயோ தட்டை ஒதுக்கிவிட்டு என் மடிக்கணினியை இழுத்தாய்.

"சார் இன்னும் நடுக்கம்னுதான் சொல்றாகளா?"

"ஆமாடி. கட்டுரையில இந்தப் படம் வேணாம்னுட்டாக."

"எலக்ட்ரான் அடர்த்தியக் கூட்டிப் பாரு. அலைன்னா கோடு நெருங்கணும். நடுக்கம்னா அது பாட்டுக்கு அப்படியே கெடக்கும்."

பெங்களூர் போய்ச் சேர்ந்த கையோடு மின்னழுத்தத்தை மாற்றி அடர்த்தியைக் கூட்டினேன். உன்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். படம் வரி வரியாக இறங்கியது.

"என்னடி ஆச்சு?"

"பொறு."

கோடுகள் நெருங்கியிருந்தன. அடர்த்தியைக் குறைத்தேன். விலகின.

"நெருங்கிருச்சுடி."

"யம்மா, இங்கன வா, சோறு போடு" என்று நீ கூப்பிட்டது மட்டும் கேட்டது.

நெறியாளர் படங்களை அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தொலைபேசியை வாங்கி, "கட்டுரையில உங்க பேருதான்மா முதல்ல வரும்" என்று உன்னிடம் சொன்னார்.

கட்டுரை வெளிவந்தபோது நீ இல்லை.

இப்போதெல்லாம் என் அளவீட்டை யாராவது சந்தேகித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எதை மாற்றினால் எது மாற வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன். அப்போது மனசு ஒரு துள்ளு துள்ளும் பார், அது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.