எலுமிச்சை அளவுக் கட்டியும் எட்டு ஊருக்குக் கேட்ட அழுகையும்

என்னங்க,

நான் தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சோறு குக்கர்ல இருக்கு. பதினோரு மணிக்கு உங்க அக்கா வர்றாங்க. நேத்து டாக்டர் "கட்டி"ன்னு வாயைத் திறந்ததுமே வெளியே ஓடிப்போய் அவங்களுக்குப் போன் போட்டு அழுதீங்களே, அதோட பலன்.

மிச்சத்தை நான்தான் கேட்டேன். அக்கா வந்ததும் இதைப் படிச்சுக் காட்டுங்க: இடது சினைப்பையில எலுமிச்சை அளவு கட்டி. ஸ்கேன்ல பார்த்த வரைக்கும் புற்றுநோய் மாதிரி இல்லை. விட்டு வெச்சா சினைப்பை முறுக்கிக்கலாமாம். அதனால வியாழக்கிழமை சின்னதா துளை போட்டு, கட்டியை மட்டும் எடுப்பாங்க. இந்த வகைக் கட்டிக்குள்ள முடிகூட இருக்குமாம். உங்க தலையில வளர மாட்டேங்குது, என் வயித்துல வளருது!

ஆறு மாசமா வலிக்குதுன்னு சொன்னேன். "வாயு"ன்னு சொல்லி இஞ்சித் தண்ணி குடுத்தீங்க. ஊரார் வீட்டு ஃபேன் லேசா முனகினாலே கழட்டிப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் நீங்க. கட்டினவ முனகினா மட்டும் காது கேட்காது.

அக்கா அழுதா தண்ணி குடுங்க. கூடச் சேர்ந்து அழாதீங்க.

மறந்துட்டேன், மாடிச் சாவி பக்கத்து வீட்டுல இருக்கு.

இன்னொண்ணு. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் முழுசா உறுதியாகுமாம். ஒரு வாரம் ஆகும். அதை நினைச்சா எனக்கும் பயமா இருக்கு. நேர்ல சொன்னா சிரிச்சு மழுப்பிடுவேன், அதான் எழுதிட்டேன். அந்த ஒரு வாரமும் வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடுங்க.